கழகக் கிண்ணமும் சிங்கப்பூர்த் திடல்களும்

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் அதனோடு இணைந்து செல்லும் ரேஸ் கோர்ஸ் சாலையில் இன்று குதிரை எதுவும் ஓடுவதில்லை. வாழையிலை விரிக்கும் உணவகங்களும் வழிபாட்டிடங்களும் பெருவிரைவு ரயில் நிலையங்களும் அங்கே இருக்கின்றன. ஆயினும் அச்சாலையின் பெயர் ஒரு பழைய செய்தியை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1840களில் அங்கே அமைந்த குதிரைப் பந்தயத் திடல் 1933ஆம் ஆண்டில் புக்கித் தீமாவுக்கு இடம்பெயர்ந்தது. எஞ்சிய பரந்த புல்வெளி மக்களுக்குரிய விளையாட்டுத் திடலாயிற்று. நகராட்சி ஆணையர்களின் தலைவராயிருந்த ரோலண்ட் ஜான் ஃபேரரின் பெயரால் அது ஃபேரர் பார்க் என வழங்கலாயிற்று. அங்கிருந்து சிராங்கூன் சாலையைக் கடந்து கால்நடையாகச் சற்றுத் தொலைவு சென்றால் டிர்விட் சாலையில் ஜாலான் புசார் விளையாட்டரங்கம் நிற்கும். தமிழர்கள் தேக்கா என்று அன்போடு வழங்கும் லிட்டில் இந்தியா வட்டாரத்தின் இரு கரைகளைப் போல இவ்விரு திடல்களும் அமைந்துள்ளன.

இத்தீவில் காற்பந்தாட்டத்துக்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கம் 1892ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. ஆசியாவின் மிகப் பழைய காற்பந்துச் சங்கங்களுள் அதுவும் ஒன்று. இருந்தும், சிங்கப்பூர்க் கழகம் ஒன்று கண்ட அளவிலான போட்டியின் இறுதியாட்டத்தில் முதன்முதலாகக் கால்வைத்தது 2025 மே 18ஆம் நாளில்தான். கண்டங்களின் முதன்மைக் கழகங்கள் உலகப் பட்டத்துக்காக 1960 முதல் மோதிவந்துள்ளன. காற்பந்தை இவ்வளவு நேசித்த ஒரு நகரம், அப்பட்டத்துக்குச் செல்லும் பாதையின் முதல் படியில் ஏறுவதற்கே ஏன் இத்துணைக் காலம் ஆயிற்று?

ஆட்டத்திறன் போதவில்லை என்று ஒரே வரியில் விடை கூறிவிடலாம். ஆனால் வரலாற்றைச் சற்று ஆழ்ந்து நோக்குவார்க்கு வேறொரு காரணமும் புலப்படும். அப்போட்டி கழகங்களுக்குரியது. சிங்கப்பூர் மக்களின் அன்போ நெடுங்காலமாக ஒரு கழகத்தின்மீது படியாமல், தீவு முழுவதற்குமான ஒரே குழுவின்மீது படிந்திருந்தது. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் சிங்கப்பூர்க் காற்பந்தின் கதை முழுவதும் ஓரளவு விளங்கிவிடும்.

கிண்ணம் பிறந்த கதை

ஐரோப்பியக் கழகங்களுள் முதன்மை பெற்றதும் தென்னமெரிக்கக் கழகங்களுள் முதன்மை பெற்றதும் ஆண்டுதோறும் மோதிப் பார்க்கவேண்டும் என்னும் எண்ணம் 1960ஆம் ஆண்டில் செயலாயிற்று. ஸ்பெயினின் ரியால் மாட்ரிட் கழகமும் உருகுவேயின் பெனரோல் கழகமும் முதற்போட்டியில் எதிர்நின்றன. மொண்டெவிடியோ நகரில் நடந்த முதல் ஆட்டம் கோல் எதுவுமின்றி முடிந்தது. மாட்ரிட் நகரில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் ரியால் மாட்ரிட் 5–1 என வென்று, கண்டங்களுக்கிடையிலான முதற் கிண்ணத்தைக் கைக்கொண்டது. அடுத்த ஆண்டு பெனரோல் அக்கிண்ணத்தைப் பெற்றது. 1962இல் பெலேயின் சாண்டோஸ் கழகம் லிஸ்பன் நகரத்திலேயே பென்ஃபிக்காவை 5–2 என வீழ்த்தியது. அந்த ஆட்டத்தில் பெலே மட்டும் மூன்று கோல்களைப் போட்டார்.

தொடக்கத்தில் இப்போட்டிக்கு இருந்த பெருமை நெடுநாள் நீடிக்கவில்லை. 1960களின் பிற்பகுதியில் ஆட்டங்கள் வன்முறைக் களமாகத் தாழ்ந்தன. 1969இல் புவெனஸ் அய்ரஸ் நகரில் அர்ஜெண்டினாவின் எஸ்டுடியாண்டஸ் கழகத்துக்கும் இத்தாலியின் ஏசி மிலானுக்கும் நடந்த ஆட்டம் அதற்கு ஒரு கறைபடிந்த சான்றாகும். மிலான் குழுவில் ஆடிய நெஸ்டர் கொம்பின் முகத்தில் காயமுற்று இரத்தம் சிந்தினார். எஸ்டுடியாண்டஸ் ஆட்டக்காரர் சிலர் சிறைக்குச் செல்ல நேர்ந்தது. இவற்றைக் கண்ட ஐரோப்பியக் கழகங்கள் பின்வாங்கலாயின. 1971இலும் 1973இலும் நெதர்லாந்தின் ஆயக்ஸ் கழகமும், 1974இல் ஜெர்மனியின் பாயர்ன் மியூனிக் கழகமும் வர மறுத்தன. ஐரோப்பிய இறுதியில் தோற்ற கழகங்கள் அவற்றின் இடத்தில் ஆடின. 1975, 1978 ஆகிய ஈராண்டுகளில் போட்டியே நடைபெறவில்லை.

நலிந்துகொண்டிருந்த கிண்ணத்துக்கு ஆசிய மண் மறுவாழ்வு தந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 1980ஆம் ஆண்டுக்குரிய போட்டி முதலாக, இரு நாடுகளில் இரண்டு ஆட்டங்கள் என்னும் முறை கைவிடப்பட்டுத் தோக்கியோவில் ஒரே ஆட்டம் என்றாயிற்று. ஜப்பானிய மோட்டார் நிறுவனமான டொயோட்டாவின் பெயரையும் கிண்ணம் ஏற்றது. 1981 டிசம்பரில் ஸிக்கோவின் ஃபிளமெங்கோ, லிவர்பூல் கழகத்தை 3–0 எனத் தோற்கடித்தது அங்கேதான். ஆடுவோர் ஐரோப்பியரும் தென்னமெரிக்கரும். அரங்கமும் பணமும் கரவொலியும் ஆசியருடையவை. 2004இல் முடிவுற்ற அக்கிண்ணத்தின் வரலாற்றில் ஆசியக் கழகம் ஒன்றுக்கும் இடமிருந்ததில்லை.

ஆசியக் கழகங்களுக்கான வாயில் 2000ஆம் ஆண்டில் திறந்தது. அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனம் பிரேசிலில் நடத்திய முதல் உலகக் கழகப் போட்டியில் எட்டுக் கழகங்கள் பங்குகொண்டன. சவூதி அரேபியாவின் அல் நாசர் ஆசியாவின் சார்பில் ஆடியது. 2005 முதல் அப்போட்டி ஏறத்தாழ ஆண்டுதோறும் நடந்தது. 2025ஆம் ஆண்டின் நடுவில் அது 32 கழகங்கள் கொண்ட பெருவிழாவாக அமெரிக்காவில் அரங்கேறியது. ஜூன் 30ஆம் நாள் சவூதி அரேபியாவின் அல் ஹிலால், இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டியைக் கூடுதல் நேரத்தில் 4–3 என வென்றபோது, ஆசியாவெங்கும் வியப்பும் பெருமிதமும் பரவின. ஜூலை 13ஆம் நாள் செல்சி கழகம் பாரிஸ் செயிண்ட் ஜெர்மைனை 3–0 என வென்று கிண்ணத்தை ஏந்தியது.

ஆசியாவில் கழகம் என்பது யாது?

உலகப் போட்டிக்குச் செல்ல விரும்பும் கழகம் முதலில் தன் நாட்டில் வெல்லவேண்டும். பின்னர்த் தன் கண்டத்தில் வெல்லவேண்டும். ஆசியாவில் இவ்வேணியின் முதல் வடிவம் 1967ஆம் ஆண்டில் பேங்காக் நகரில் தோன்றியது. ஆசிய முதன்மைக் கழகப் போட்டி என்னும் பெயரில் நடந்த அதன் இறுதியாட்டத்தில் ஹாப்போயல் டெல் அவிவ் கழகம் 2–1 என வென்றது. தோற்றது யார் எனக் கேட்பின், விடை சிந்திக்கத் தக்கது. தோற்ற குழு சிலாங்கூர்.

சிலாங்கூர் மலேசியாவின் ஒரு மாநிலம். அது மாநிலத்தின் காற்பந்துச் சங்கம் திரட்டிய குழு. இந்தியாவும் அவ்வாறே 1969இல் மைசூர் மாநிலக் குழுவையும், 1970இல் வங்காளக் குழுவையும் அப்போட்டிக்கு அனுப்பியது. ஐரோப்பாவில் கழகம் எனின், ஒரு தெருவிலோ தொழிற்சாலையிலோ மாதா கோயிலிலோ தோன்றித் தலைமுறை தலைமுறையாக உறுப்பினர்களால் பேணப்பட்ட அமைப்பாகும். பிரிட்டிஷ் ஆட்சியின் நிழலில் காற்பந்து வளர்ந்த நாடுகளில், மக்களின் உள்ளத்தைக் கவர்ந்தவை மாநிலங்களுக்கிடையிலான போட்டிகளே. கழகங்கள் இருந்தன, ஆயினும் அவை மாநிலக் குழுவுக்கு ஆட்டக்காரரை அளிக்கும் பண்ணைகளாகவே கருதப்பட்டன. சிங்கப்பூரின் வரலாறும் இத்தகையதே.

மலாயாக் கிண்ணத்தின் பிடி

1921ஆம் ஆண்டில் எச்எம்எஸ் மலாயா என்னும் போர்க்கப்பலைச் சேர்ந்தோர் வழங்கிய கிண்ணத்துக்காக மலாயா மாநிலங்கள் மோதின. முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர், சிலாங்கூரை 2–1 என வென்றது. அதுமுதல் 1941 வரை நடந்த ஒவ்வோர் இறுதியாட்டத்திலும் சிங்கப்பூர் இடம்பெற்றது. 1967இல் மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறிய அப்போட்டியைச் சிங்கப்பூர் மொத்தம் 24 முறை வென்றுள்ளது.

1929 டிசம்பர் 26ஆம் நாள் திறக்கப்பட்ட ஜாலான் புசார் விளையாட்டரங்கம் இப்பெருமைகளின் இருப்பிடமாயிற்று. போர்க்காலத்தின் துயரத்தையும் அவ்வரங்கம் கண்டது. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் சீன ஆடவரைத் திரட்டி விசாரித்த இடங்களுள் அதுவும் ஒன்று. அதே மாதம் 17ஆம் நாளன்று ஃபேரர் பார்க்கில் ஏறத்தாழ 45,000 இந்தியப் போர்வீரர்கள் பிரிட்டிஷாரால் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்தின் வரலாற்றில் அந்நாளுக்குத் தனியிடம் உண்டு. போர் ஓய்ந்த பின் அதே புல்வெளிகளில் மீண்டும் பந்து உருண்டது. மக்கள் துயரை மறக்கவும் ஒன்றுகூடவும் திடல்கள் உதவின எனலாம்.

அக்காலத்துக் கழகங்கள் பெரும்பாலும் இனத்தின் பெயராலோ பணியிடத்தின் பெயராலோ அமைந்தவை. ஐரோப்பியருக்குச் சிங்கப்பூர்க் கிரிக்கெட் கழகமும், யுரேசியருக்குச் சிங்கப்பூர் ரெக்ரியேஷன் கழகமும் இருந்தன. சீனருக்கும் மலாய்க்காரருக்கும் தனித்தனிச் சங்கங்கள் இருந்தன. 1923இல் தோன்றிய சிங்கப்பூர் இந்தியர் சங்கம் இந்தியரின் விளையாட்டார்வத்துக்கு இடமளித்தது. பாலஸ்டியர் சாலையில் எழுந்த அச்சங்கத்தின் கட்டடத்துக்கு 1950இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். தனித்தனியே ஆடிய இவ்வினத்தாரெல்லாம் ஓர் அணியாய் நின்ற இடம் மலாயாக் கிண்ணக் குழுவே. பல இனம் வாழும் தீவில், மக்கள் அக்குழுவைத் தங்கள் உயிரெனக் கருதியதற்கு இதுவே முதற்காரணம் என்பது மிகையாகாது. கழகம் பிரித்தது; கிண்ணக் குழு சேர்த்தது.

காலாங் முழக்கமும் தமிழர் பங்கும்

1973 ஜூலையில் காலாங்கில் 55,000 பேர் அமரத்தக்க தேசிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. ஜாலான் புசாரில் நடந்துவந்த மலேசியக் கிண்ண ஆட்டங்களை அப்பேரரங்குக்குக் கொண்டுசென்ற பெருமை வழக்கறிஞர் என். கணேசனைச் சாரும். பின்னர்ச் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் தலைவராகவும் விளங்கிய அவர், இத்துணை பெரிய அரங்கை யார் நிரப்புவார் என ஐயுற்றோர்க்கு அஞ்சவில்லை. மக்கள் திரண்டனர். அவர்கள் எழுப்பிய ஆரவாரம் ‘காலாங் முழக்கம்’ என்றே பெயர்பெற்றது. 1977 மே 28ஆம் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில், பயிற்றுநர் சூ செங் குவீயின் குழு பினாங்கைக் கூடுதல் நேரத்தில் 3–2 என வென்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் கிண்ணம் சிங்கப்பூருக்குத் திரும்பியது.

அம்முழக்கத்தின் நடுவே தமிழ்ப் பெயர்கள் பலமுறை ஒலித்தன. வாழைக்காயைப் போல வளைந்து செல்லும் பந்தடிக்குப் பெயர்பெற்ற எஸ். ராஜகோபாலை 1970களின் இரசிகர்கள் மறக்கவில்லை. 1980களில் டெரி பத்மநாதன் தடுப்பாட்டத்தின் தூணாக நின்றார். வி. சுந்தரமூர்த்தி, எதிரணியினரை மயக்கும் கால்நுட்பத்தால் புகழுற்று, 1989இல் சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் வரை சென்றார். ஆர். சசிகுமார் 1998 செப்டம்பரில் ஹனோய் நகரில் அடித்த ஒரே கோல், வியட்நாமை வீழ்த்தித் தென்கிழக்காசியக் கிண்ணத்தைச் சிங்கப்பூருக்கு முதன்முதலாக ஈட்டித் தந்தது. பந்து அவருடைய காலில் படாமல் உடலில் பட்டுக் கோலுக்குள் சென்றது என்பது இன்றும் பேசப்படும் செய்தி.

இங்கே ஒன்றைக் கருதவேண்டும். கண்டக் கழகப் போட்டியின் ஒளி சிங்கப்பூர் ஆட்டக்காரர்மீது படாமலில்லை. ஃபாண்டி அகமது 1983இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் கழகத்துக்காக, ஐரோப்பியக் கழகப் போட்டியொன்றில் இத்தாலியின் இன்டர் மிலானுக்கு எதிராகக் கோல் போட்டார். ஆட்டக்காரர் கண்டத்தைத் தொட்டுவிட்டார். ஆயின், அது பிறநாட்டுக் கழகத்தின் சட்டையை அணிந்து தொட்டது. அவரைத் தன் பெயரோடு ஆசியாவுக்கு அனுப்பத்தக்க கழகம் அந்நாளில் ஊரில் உருப்பெறவில்லை.

கழகங்களை நோக்கி

1970களின் நடுப்பகுதியில், இனப்பெயர் கொண்ட கழகங்களின் இடத்தில் வட்டாரப் பெயர் கொண்ட கழகங்களை முன்னிறுத்தித் தேசியக் காற்பந்து லீக் அமைக்கப்பட்டது. தோ பாயோ, கேலாங், தெம்பனிஸ் முதலிய வட்டாரங்களோடு ஃபேரர் பார்க்கும் தன் பெயரில் ஒரு கழகத்தைக் கொண்டிருந்தது. புதிய குடியிருப்புகளில் பல இனத்தாரும் கலந்து வாழத் தொடங்கிய காலத்துக்கு இது பொருந்திய மாற்றமே. ஆயினும் மக்களின் நெஞ்சம் காலாங்கிலேயே இருந்தது. மலேசியக் கிண்ண ஆட்டத்துக்குப் பல்லாயிரவர் கூடினர். அதே ஆட்டக்காரர் தத்தம் கழகத்துக்காக ஆடுகையில் கூடியோர் சிலரே.

1994 டிசம்பரில் சிங்கப்பூர், ஷா ஆலம் அரங்கில் பகாங்கை 4–0 என வென்று மலேசியக் கிண்ணத்தைப் பெற்றது. அவ்வாண்டின் லீக் பட்டமும் சிங்கப்பூருக்கே கிட்டியது. அவ்வெற்றியின் சூடு ஆறுவதற்கு முன்பே, நுழைவுச்சீட்டு வருவாய்ப் பங்கீடு பற்றி மலேசியக் காற்பந்துச் சங்கத்துடன் எழுந்த பிணக்கினால் சிங்கப்பூர் அப்போட்டிகளிலிருந்து விலகிற்று. 1996இல் எஸ்-லீக் என்னும் தொழில்முறைப் போட்டி தொடங்கியது. கேலாங் யுனைடெட், சிங்கப்பூர் ஆயுதப்படை, காவல்துறை, தெம்பனிஸ் ரோவர்ஸ், பாலஸ்டியர் சென்ட்ரல், உட்லண்ட்ஸ் வெல்லிங்டன், தியோங் பாரு யுனைடெட், செம்பவாங் ரேஞ்சர்ஸ் ஆகிய எட்டும் அதில் முதலாண்டில் ஆடிய கழகங்கள். ஃபேரர் பார்க்கின் பெயர் அப்பட்டியலில் இல்லை. தீவின் காற்பந்துக்குத் தொட்டிலாயிருந்த திடலொன்று, கழகங்களின் காலம் பிறந்தபோது கழகமின்றி நின்றது.

ஜப்பானின் ஜே-லீக் இம்முயற்சிக்கு ஓர் எடுத்துக்காட்டாய் இருந்தது. 1993இல் பத்துக் கழகங்களோடு தொடங்கிய ஜே-லீக், ஒவ்வொரு கழகமும் தன் ஊரின் பெயரை ஏற்கவேண்டும் என்று வகுத்தது. காஷிமா ஆண்ட்லர்ஸ் கழகத்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும். அது 1947இல் ஒசாகாவில் சுமிட்டோமோ உலோகத் தொழிற்சாலை ஊழியரின் குழுவாகத் தோன்றி, 1975இல் காஷிமா என்னும் சிற்றூர்ப் பகுதிக்கு வந்தது. ஜே-லீக் பிறந்தபோது தொழிற்சாலையின் பெயரை விடுத்து ஊரின் பெயரைச் சூடியது. ஊரார் அதனைத் தம் பிள்ளையாய் ஏற்றனர். 2016 உலகக் கழகப் போட்டியின் இறுதியாட்டத்தில் அக்கழகம் ரியால் மாட்ரிட்டை எதிர்த்து நின்று, கூடுதல் நேரத்தில்தான் 4–2 எனத் தோற்றது.

எஸ்-லீக் கழகங்கள் இத்தகைய வேரை ஊன்றுவதற்குப் பெரிதும் இடர்ப்பட்டன. தீவு சிறியது. ஒரு வட்டாரத்தில் வாழ்வோர் சில ஆண்டுகளில் இன்னொரு வட்டாரத்துக்குக் குடிபெயர்வர். தொலைக்காட்சியில் இங்கிலாந்துக் கழகங்கள் வாரந்தோறும் வீட்டுக்குள் வந்து நிற்கின்றன. தெம்பனிசில் வாழும் இளைஞன் தெம்பனிஸ் ரோவர்ஸ் ஆட்டக்காரரின் பெயரை அறியாமல், லிவர்பூல் ஆட்டக்காரர் அனைவரின் பெயரையும் ஒப்பிக்கும் நிலை உண்டாயிற்று.

வாயில் இல்லாத வெற்றியாளர்கள்

கழகத்தின் இன்றியமையாமையை உணர்த்தும் நிகழ்ச்சிகள் இரண்டு பின்னர் நிகழ்ந்தன. 2012இல் சிங்கப்பூர், லயன்ஸ் டுவெல்வ் என்னும் குழுவின் வாயிலாக மலேசியப் போட்டிகளுக்குத் திரும்பியது. 2013இல் வி. சுந்தரமூர்த்தியின் பயிற்சியில் அக்குழு மலேசிய சூப்பர் லீக் பட்டத்தை வென்றது. பழைய முழக்கம் மீண்டும் கேட்டது. ஆயின், மலேசிய லீக்கின் வெற்றியாளர் என்ற முறையில் ஆசியக் கழகப் போட்டிக்குச் செல்ல அக்குழுவுக்கு உரிமை இல்லை. அது மலேசியக் கழகமன்று. சிங்கப்பூர் லீக்கின் கழகமுமன்று. நான்காண்டுகள் ஆடி, 2015ஆம் ஆண்டின் முடிவில் அது மறைந்தது.

மறுபுறம், ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டா கழகத்தின் கிளைக் குழு 2004 முதல் சிங்கப்பூர் லீக்கில் ஆடியது. 2016க்கும் 2023க்கும் இடையில் ஆறுமுறை அது லீக் பட்டத்தை வென்றது. ஜப்பானியக் குழுவாகையால் அந்நாளில் சிங்கப்பூரின் சார்பில் ஆசியாவுக்குச் செல்ல அதற்கும் வழியில்லை. சிங்கப்பூர்க் குழு மலேசியாவில் வென்றது. ஜப்பானியக் குழு சிங்கப்பூரில் வென்றது. இரண்டுக்கும் கண்டத்தின் கதவு அடைத்தே இருந்தது. வெற்றி மட்டும் போதாது, வென்றவர் எந்த மண்ணுக்குரியவர் என்பதும் வேண்டும் என்னும் விதியை இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்தின.

மீண்டும் ஜாலான் புசார்

இடர்ப்பாடுகள் நிறைந்த இக்காலத்திலும் முயற்சிகள் ஓயவில்லை. 2003இல் புதுப்பிக்கப்பட்டுத் திறந்த ஜாலான் புசார் அரங்கில், 2009ஆம் ஆண்டு ஆசியாவின் உச்சநிலைக் கழகப் போட்டி வந்து இறங்கியது. ஆயுதப்படைக் கழகம் அப்போட்டியின் பிரிவுச் சுற்றுக்குத் தகுதிபெற்ற முதல் சிங்கப்பூர்க் கழகமாயிற்று. காஷிமா ஆண்ட்லர்ஸ் அதன் எதிரணிகளுள் ஒன்று. அடுத்த ஆண்டு காம்பா ஒசாகா வந்தது. 2008ஆம் ஆண்டின் உலகக் கழகப் போட்டியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக மூன்று கோல்கள் போட்ட கழகம் அது. தேக்காவிலிருந்து நடந்துசெல்லும் தொலைவில் அத்தகைய கழகம் ஒன்று பந்தாடியது. 2010இல் ஆயுதப்படைக் கழகம் சீனாவின் ஹெனான் ஜியான்யெ குழுவை 2–1 என வென்றதும் இப்போட்டியில்தான்.

2020இல், காவல்துறைக் கழகமாகத் தொடங்கி ஹோம் யுனைடெட் எனப் பெயர்மாறியிருந்த கழகம், தனியார் உடைமையாகி லயன் சிட்டி செய்லர்ஸ் என்றாயிற்று. அக்கழகம் 2024–25 பருவத்தில் ஆசியக் கழகப் போட்டிகளுள் இரண்டாம் நிலையான போட்டியில் ஆடியது. அதன் வெற்றியாளருக்கு உலகக் கழகப் போட்டியில் நேரடி இடம் இல்லை. எனினும் கண்டப் பட்டம் கண்டப் பட்டமே. பிரிவுச் சுற்றின் உள்ளூர் ஆட்டங்களை ஜாலான் புசாரில் ஆடி முன்னேறிய கழகம், அரையிறுதியில் ஆஸ்திரேலியாவின் சிட்னி குழுவை வென்று இறுதிக்கு வந்தது.

இறுதியாட்டம் 2025 மே 18ஆம் நாள் பீஷான் அரங்கில் நடந்தது. அதே நாளில் காலாங்கின் தேசிய அரங்கில் வெளிநாட்டுப் பாடகி ஒருவரின் இசைநிகழ்ச்சி. பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் பீஷானை நிறைத்தனர். ஐக்கிய அரபுச் சிற்றரசுகளின் ஷார்ஜா கழகம் முதற்கோலைப் போட்டது. ஆட்டம் முடியும் தறுவாயில் சிங்கப்பூர்க் கழகம் ஈடுசெய்தது. அம்மகிழ்ச்சி சில நிமிடமே நிலைத்தது. கூட்டிய நேரத்தின் இறுதியில் ஷார்ஜா மீண்டும் கோல் போட்டு 2–1 என வென்றது. தோல்விதான். ஆயினும் நாட்டுக் குழுவுக்கு மட்டுமே உருகிய மக்கள், ஒரு கழகத்துக்காகவும் கண்கலங்கினர் என்பது அன்றைய ஆட்டம் தந்த பேறு. இவ்வுணர்ச்சி தொடருமா, ஓர் இரவோடு கரையுமா என்பதே இனி விடை காணவேண்டிய வினா.

ஓர் ஆசிரியரின் கோல்

இவ்வினாவுக்கு விடை தேடுவோர், 2025 உலகக் கழகப் போட்டியின் மற்றொரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். நியூசிலாந்தின் ஆக்லண்ட் சிட்டி கழகத்தார் ஊதியத்துக்காக வேறு தொழில் செய்துகொண்டு ஓய்வுநேரத்தில் பந்தாடுவோர். பாயர்ன் மியூனிக்கிடம் அவர்கள் 10–0 எனவும், பென்ஃபிக்காவிடம் 6–0 எனவும் தோற்றனர். உலகம் நகைத்தது. ஜூன் 24ஆம் நாள் நாஷ்வில் நகரில் அர்ஜெண்டினாவின் புகழ்மிக்க போக்கா ஜூனியர்ஸ் கழகத்தை எதிர்த்து ஆடியபோது, கிறிஸ்டியன் கிரே என்னும் ஆக்லண்ட் ஆட்டக்காரர் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். ஆட்டம் 1–1 எனச் சமநிலையில் முடிந்தது. அவர் ஆசிரியப் பயிற்சி பெற்றுவந்தவர். பாடமும் பந்தாட்டமும் அவருக்கு ஒரே வாழ்வின் இரு பகுதிகள்.

ஆக்லண்டின் மக்கள்தொகை சிங்கப்பூரினும் மிகக் குறைவு. அங்கே காற்பந்தைவிட ரக்பி ஆட்டமே செல்வாக்குடையது. இருந்தும் 2004இல் தோன்றிய அக்கழகம் தன் கண்டத்தில் பலமுறை வென்றது. 2014 உலகக் கழகப் போட்டியில் மூன்றாமிடமும் பெற்றது. ஓசியானியாவில் போட்டி குறைவு என்பது உண்மையே. ஆயினும் தோல்வியிலும் கலையாத ஒரு கழகம் அவர்களுக்கு இருந்தது என்பதை மறுக்கவியலாது.

சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் இன்று மற்றுமொரு மாற்றத்தை எதிர்கொள்கிறது. 2021இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின்படி ஏறத்தாழ 1,600 வீவக வீடுகள் அவ்விடத்துக்கு வரவிருக்கின்றன. அத்திடலின் விளையாட்டு மரபை நினைந்து, குடியிருப்பின் நடுவே திறந்த திடலொன்றுக்கும் திட்டத்தில் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. மக்களுக்கு வீடு வேண்டும். அதனைக் குறைகூறுதல் முறையன்று. அவ்வீடுகளில் வளரப்போகும் பிள்ளைகள் அத்திடலில் இறங்குவார்களா என்பதைப் பொறுத்தே எஞ்சிய வரலாறு அமையும்.

கண்டங்களின் கிண்ணம் தோக்கியோவிலோ நியூயார்க்கிலோ கைமாறுகிறது. அதனை நோக்கிய முதல் ஆட்டம் பள்ளித் திடலிலும் வட்டாரப் புல்வெளியிலும் நடக்கிறது. ராஜகோபாலும் சுந்தரமூர்த்தியும் சசிகுமாரும் நாட்டுக்காக ஆடிப் பெயர் பெற்றார்கள். அவர்களின் பெயரை மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர், அருகிலுள்ள அரங்கில் இவ்வாரம் ஆடும் கழகத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்வாராயின், ஜாலான் புசாரின் இருக்கைகளில் சில நிரம்பும். காஷிமாவின் ஊரார் தங்கள் கழகத்துக்குச் செய்ததும் அதுவே.